சங்கத்துக்குள்ளே பல வலைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து வாணர் பாலத்தின் வழியே புங்குடுதீவுக்கும் ஓடுகிற வீதி, குறிகட்டுவானில் கடலைத் தொட்டு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் போக வேண்டுமானால் படகு ஏற வேண்டும். நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் கும்பிட வருவோருக்கு நயினாதீவுப் படகு. ஊர் திரும்பும் நெடுந்தீவாருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். குமுதினி, வடதாரகை, 2017 ஜனவரியில் அவுஸ்திரேலிய உதவியோடு வந்து சேர்ந்த நெடுந்தாரகை ஆகிய பொதுப் படகுகளோடு தனியார் படகுகளும் முறை வைத்து ஓடுகின்றன.

அந்த முறையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு பழைய கேள்வி தெரியும். துறையில் நிற்பவர்கள் எல்லாரும் படகுக்காரர்கள்தான். ஆனால் நயினாதீவுப் பாதையில் ஓடுபவரின் கவலை வேறு: ஆனி மாதத்துத் திருவிழாக் கூட்டம், குறுகிய ஓட்டம், ஒரு நாளில் எத்தனை தடவை முறை வரும் என்ற கணக்கு. நெடுந்தீவுப் பாதைக்காரரின் கவலை சோளகக் காற்று, எரிபொருள், ஏற்றுகிற சாமானின் பாரம். இறங்குதுறை உடைந்து கிடக்கிறது என்றால் இருவரும் ஒரே குரலில் பேசுவார்கள். முறையும் கட்டணமும் பற்றியென்றால் பாதைவாரியாகத் தனித்தனியே கூடிப் பேசத்தான் வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒரு சங்கம் போதுமா, அந்தச் சங்கத்துக்குள் சிறு சிறு கூட்டங்களுக்கு இடம் வேண்டுமா? தீவகக் கடலில் இந்தக் கேள்வியை மிக நீண்ட காலம் சுமந்தவர்கள், இதே கரையில் வலை காயப்போடுகிற கடற்றொழிலாளர்கள்.

வடக்கின் கடற்றொழிலாளர் அமைப்பு மூன்று அடுக்குக் கொண்டது. ஊரில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்தால் சமாசம். சமாசங்கள் சேர்ந்து மாவட்டச் சம்மேளனம். படகு வாங்கக் கடன், கரையில் மீன் கூறி விற்கும் இடம், பிடியிலிருந்து கழித்துச் சேமிக்கும் பணம், கடலில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி, கடற்றொழில் திணைக்களத்தோடு பேச ஓர் ஆள் என இவற்றில் பலவும் ஊர்ச் சங்கத்தின் வழியாகவே நடந்துவந்தன. அடுக்கு மூன்றும் இடத்தை வைத்துக் கட்டப்பட்டவை: ஊர், பிரதேசம், மாவட்டம். கடலோ இடத்தை மட்டும் வைத்துப் பிரிவதில்லை. ஒரே ஊர்ச் சங்கத்துக் கூட்டத்தில் ஆழமற்ற கடலில் தறி நட்டுக் களங்கட்டி வலை போடுபவர் இருப்பார், நண்டுவலைக்காரர் இருப்பார், கடலட்டைக்குச் சுழியோடுபவர் இருப்பார், எஞ்சின் பூட்டிய படகில் ஆழக்கடலுக்குப் போகிறவர் இருப்பார். ஒருவருடைய நல்ல நாள் இன்னொருவருக்கு வலை அறுந்த நாளாக இருப்பதுண்டு.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். இலங்கையில் கூட்டுறவுக்குச் சட்ட வடிவம் கிடைத்தது 1911இல், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு. யாழ்ப்பாணம் அதைப் பற்றிக்கொண்ட வேகம் வியப்பூட்டுவது. மூளாயில் 1936இல் கூட்டுறவு மருத்துவமனையே எழுந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து பின்னர் வட்டுக்கோட்டைப் பாராளுமன்ற உறுப்பினரான வி. வீரசிங்கம் அந்த இயக்கத்தின் முன்னோடி. யாழ். நகரத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்தக் காலத்துச் சங்கங்களில் நம் கேள்விக்கு நேரே பதில் சொல்வது 1930களில் உருவான யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம். பெயரிலேயே எல்லை இருக்கிறது. அது புகையிலைக்காரர் எல்லாருக்குமான சங்கம் அன்று. திருவிதாங்கூர்ச் சந்தைக்கென்று பதப்படுத்தி அனுப்பியவர்களின் சங்கம். உள்ளூரில் சுருட்டுக்கும் வாய்க்கும் விற்றவரின் விலை வேறு, தரகர் வேறு, தொல்லையும் வேறு. மலையாளக் கரையில் விலை சரிந்தாலும் தீர்வை ஏறினாலும் அடிபட்டவர்கள் ஒரே வகையார். அதனால் ஒரே பொருள், ஒரே சந்தை, ஒரே முறைப்பாடு என்ற அடிப்படையில் அவர்களால் கட்டுக்கோப்பாக நிற்க முடிந்தது. எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைக்க முயன்றிருந்தால் அந்தச் சங்கம் முதல் விலைப் பேச்சிலேயே கலைந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கடற்கரைக்கு அந்த வாய்ப்புப் பிந்தித்தான் வந்தது. அதுவரை கரையின் ஒழுங்கு சம்மாட்டிகளின் கையில் இருந்தது. வலையும் வள்ளமும் அவர்களுடையவை, முற்பணமும் அவர்களுடையது, பிடித்த மீனின் விலையையும் அவர்களே சொன்னார்கள். 1940களின் தொடக்கத்தில் கடற்றொழில் திணைக்களம் உருவாகி, அதை ஒட்டிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் எழுந்தன. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் கைத்தொழிலோடு கடற்றொழிலையும் பொறுப்பேற்றவர் ஜி. ஜி. பொன்னம்பலம். கடனும் மானியமும் சங்கம் வழியாக ஓடத் தொடங்கியதும், சம்மாட்டிக்கு மாற்றாக ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவின் பெறுமதியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வட்டியில் பிறந்து வட்டியில் முடிந்த பல குடும்பங்களுக்கு அது முதல் மூச்சு.

1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் எஞ்சின் படகுகள் வந்தன. தவணைக்குக் கிடைத்த அந்தப் படகுகளும், பின்னர் வந்த வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய கண்ணாடி நாரிழைப் படகுகளும் தொழிலையே மாற்றிப்போட்டன. நைலோன் நூல் வந்து பருத்தி வலையை ஓரங்கட்டியது. 1956இல் நோர்வேக்குப் போன யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம், அங்குள்ள நண்பர்களைச் சேர்த்து 1960களின் இறுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைத்தது. ஒரு தனி மனிதரின் பிடிவாதம் இரண்டு கடற்கரைகளை இணைத்த அந்தக் கதைக்குத் தனி நூலே தேவை.

ஆனால் எஞ்சினோடு ஒரு சிக்கலும் வந்தது. கடன், உதிரிப்பாகம், மண்ணெண்ணெய் எல்லாம் சங்கத்தின் முழுநேர வேலையாகிவிட்டபோது, எஞ்சின் வைத்திருந்தவரே சங்கத்தின் முதன்மை உறுப்பினர் போல ஆனார். ஆழமற்ற களப்பில் களங்கட்டி நட்டவர், சிறகுவலை வைத்தவர், தூண்டில்காரர் ஆகியோர் சந்தா கட்டினார்கள், கூட்டத்துக்கும் வந்தார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு விடயமும் இல்லை என்பது போலவே நிகழ்ச்சி நிரல் போனது. அவர்களுக்கு வேண்டியது கடன் அல்ல. எந்த இடத்தில் யார் தறி நடுவது, இரவில் படகோட்டி வலையை அறுத்தால் யார் ஈடு கொடுப்பது என்பதற்குத் தீர்ப்பு. அதைக் கேட்க ஆளில்லை.

இதற்கு மாறான பழைய ஏற்பாடுகள் தெற்கிலும் எதிர்க்கரையிலும் உண்டு. நீர்கொழும்புக் களப்பின் வாயில், இரவில் கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிக்கத் தறிவலை கட்டும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதை ஆள்வது ஊர்ப் பொதுச் சங்கம் அன்று. அந்த வலைக்கென்றே உள்ள நான்கு சங்கங்கள். கத்தோலிக்கத் தேவாலயங்களை ஒட்டி வளர்ந்த அந்தச் சங்கங்களில் யார் உறுப்பினராகலாம், எந்த இரவு எவருக்கு எந்த இடம் என்பதெல்லாம் சீட்டு எடுத்தும் முறை வைத்தும் முடிவாகும். தமிழ்நாட்டுப் பழவேற்காட்டு ஏரியிலும் அப்படியே. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊரார் தங்களுக்குள் 'பாடு' பிரித்து, சீட்டுப் போட்டு வலை கட்டும் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊரை மீறி, வலையை வைத்து உருவான கூட்டங்கள் இவை. பாடு முறை ஊர்ச் சாதிக் கட்டுமானத்தோடு பின்னிக் கிடந்ததால் அதற்கு வெளியே நின்றவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் தகராறு மூண்டால் தீர்க்க இடம் இருந்தது.

இலங்கையில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை ஒட்டி வந்த மறுசீரமைப்பில், நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருந்த சிறிய கடற்றொழிலாளர் சங்கங்கள் இணைக்கப்பட்டுச் சில பத்துப் பெரிய சங்கங்களாகச் சுருக்கப்பட்டன. பெரிய சங்கம் என்றால் பலமான சங்கம் என்பது அன்றைய நம்பிக்கை. கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கு அது வசதி. கரையில் நின்றவருக்கோ சங்கம் எட்டாத தூரத்துக்குப் போனது. தெரிந்த முகம் தலைவராக இருக்கும்போது வாய் திறக்கிற சிறு வலைக்காரர், பிரதேசத்துப் பெரிய சபையில் வாய் திறப்பதில்லை. ஊர்மட்டச் சங்கங்கள் பின்னர் மீண்டும் தலைதூக்கியதே அந்தப் பரீட்சையின் முடிவைச் சொல்லிவிடுகிறது.

இதே ஆண்டுகளில் பாக்குநீரிணையின் மறுகரையில் இன்னும் கூர்மையான பாடம் நடந்துகொண்டிருந்தது. 1950களில் இந்திய-நோர்வே திட்டத்தோடு தொடங்கிய இயந்திரமயமாக்கம் தமிழ்நாட்டில் இழுவைமடி போடும் விசைப்படகுகளைப் பெருக்கியது. இராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், நாகப்பட்டினம் என்று விசைப்படகுத் துறைகள் எழுந்தன. இறால் ஏற்றுமதியின் பணம் கண்ணைப் பறித்தது. நாட்டுப்படகு மீனவர்களின் வலைகள் விசைப்படகின் மடியில் சிக்கி அறுந்தன. 1970களில் கரைகளில் அடிதடி, படகு எரிப்பு என்று நிலைமை முற்றியது. 'மீனவர்' என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு தொழில்கள் இருக்கின்றன என்பதை அரசு அப்போதுதான் ஒப்புக்கொண்டது.

அதன் விளைவு இரண்டு. ஒன்று, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது அது. மற்றது, பாக்குநீரிணைக் கரையில் இரு தரப்பாரையும் உட்காரவைத்து உருவாக்கப்பட்ட நாள் பங்கீடு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. இராமநாதபுரம் கரையில் திங்கள், புதன், சனி விசைப்படகின் நாட்கள். இந்தப் பங்கீட்டைப் பெற்றுத் தந்தது, நாட்டுப்படகுக்காரர்கள் தங்களுக்கென்று தனியாகக் கூடி, தனிப் பெயரில் பேசியதுதான். விசைப்படகு உரிமையாளர்கள் முன்னணியில் நிற்கும் ஒரே சங்கத்துக்குள் அவர்கள் அடங்கிக் கிடந்திருந்தால் நான்கு நாள் கிடைத்திருக்காது.

பங்கீடு நியாயமானதுதான். ஆனால் அந்த மேசையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 1974, 1976 இந்திய-இலங்கை உடன்படிக்கைகள் கடலில் எல்லைக்கோடு வரைந்தன. விசைப்படகுகளின் மூன்று நாள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. தங்கள் கரையருகே மீன் குறையக் குறைய, கச்சதீவையும் தாண்டி நெடுந்தீவுக் கடலுக்கு, வடக்கின் கரையோரத்துக்கு அவை வந்தன. இராமேஸ்வரத்துக் கூட்டத்தில் நெடுந்தீவு நண்டுவலைக்காரருக்குக் கதிரை இல்லை. பங்கீட்டின் செலவை அவர் கட்டினார்.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1983க்கு முன் இலங்கையின் மீன் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தந்த யாழ். மாவட்டக் கடல் அடைபட்டது. 1985 மே 15 காலையில் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் பயணிகளோடு வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். குறைந்தது இருபத்துமூன்று பேர் கொல்லப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஊரார் அதைவிடக் கூடிய தொகையைச் சொல்கிறார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். இன்றுவரை அந்த நாளில் நெடுந்தீவு அழுகிறது. 1990-91இல் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது, புங்குடுதீவு போன்ற பெரிய ஊர்கள் ஏறத்தாழ வெறுமையாயின. எஞ்சியவர்களுக்குக் கடல் பாஸ் நடைமுறை: எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு எஞ்சின் பூட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு.

போர்க்காலம் சங்கங்களுக்குச் செய்த ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. எல்லார் கையிலும் ஒரே பாஸ், எல்லாருக்கும் ஒரே தடை என்றான பிறகு, வலைகளுக்கு இடையிலான வேறுபாடு மறைந்துபோனது. சங்கத்துக்கு ஒரே வேலை: முகாமுக்குப் போய் அனுமதி கேட்பது. ஒரே குரலில் பேசுவது அந்த நாளில் உயிர்காக்கும் ஒழுக்கமாக இருந்தது. அந்த ஒழுக்கம் 2009க்குப் பிறகும் பழக்கமாகத் தொடர்ந்தது. கடல் திறந்ததும் பழைய வேறுபாடுகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. அவற்றைப் பேசும் பழக்கம் மட்டும் திரும்பவில்லை.

திறந்த கடலில் வடக்கின் கடற்றொழிலாளர் கண்டது, இரவில் கரை வரை வெளிச்சம் போட்டு வரும் இந்திய இழுவைப்படகுகளை. போருக்குப் பிறகு கடன்பட்டு வாங்கிய வலைகள் ஒரே இரவில் போயின. 2010 ஓகஸ்டில் இலங்கையிலிருந்து கடற்றொழிலாளர் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவைத் தொழிலை நிறுத்துவது, அதுவரை ஆண்டில் 70 நாள் மட்டும் வருவது என்று உடன்பாடு எட்டப்பட்டது. அரசுகள் அதற்குப் பின்னால் நிற்கவில்லை. உடன்பாட்டில் கையெழுத்திட்ட தலைவர்களால் தங்கள் துறைப் படகுகளை அடக்கவும் முடியவில்லை. 2011 பெப்ரவரியில் பருத்தித்துறைக் கடலில் உள்ளூர்க் கடற்றொழிலாளர்களே 18 இழுவைப்படகுகளையும் நூற்றுக்கு மேற்பட்ட இந்திய மீனவர்களையும் பிடித்து ஒப்படைத்தார்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2016 நவம்பரில் புதுடில்லியிலும் மீனவர் பேச்சுகள் தொடர்ந்தன.

அந்தப் பேச்சுகளில் இந்தியத் தரப்பின் முன்வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் விசைப்படகுக்காரர்கள். அதே தமிழ்நாட்டில் இழுவைமடியால் நொந்துபோயிருந்த நாட்டுப்படகு மீனவர், வடக்கின் சிறு வலைக்காரருக்கு இயல்பான கூட்டாளி. இரண்டு கரையின் சிறு வலைகளும் நேரே சந்தித்துப் பேசியிருந்தால் பேச்சின் போக்கே வேறாக இருந்திருக்கும். 'இந்திய மீனவர்', 'இலங்கை மீனவர்' என்ற இரண்டே பலகைகள் போட்ட மேசையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் அவர்கள் அருகருகே முழந்தாளிட்டு மன்றாடினார்கள். அதற்குப் போகிற படகுகளும் குறிகட்டுவானிலிருந்துதான் புறப்படுகின்றன.

சிக்கல் எதிர்க்கரையில் மட்டும் இருக்கவில்லை. குருநகரிலும் வல்வெட்டித்துறையிலும் மன்னார்ப் பேசாலையிலும் 'றோலர்' எனப்படும் இழுவைப்படகுகள் உள்ளூரிலேயே இருந்தன. அவற்றின் உரிமையாளர்களும் தொழிலாளர்களும் இதே கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். இந்திய றோலரை எதிர்த்து ஊர்வலம் போகும்போது, நம் றோலரைப் பற்றி என்ன சொல்வது என்ற கேள்வி ஒவ்வொரு சம்மேளனக் கூட்டத்தின் மேலும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்த திருத்தம் 2017இல் நிறைவேறி, இலங்கைக் கடலில் அடிமட்ட இழுவைத் தொழில் முற்றாகத் தடையானது. கடலடியை உழுது முட்டையையும் குஞ்சையும் வாரும் முறைக்கு அது முடிவு கட்டிய நாள். வடக்கின் சிறு வலைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி. ஆனால் குருநகர்ப் படகில் கூலிக்குப் போனவரின் அடுத்த மாதச் சோற்றுக்கு அந்தத் தடையில் வழி இல்லை. சங்கத்துக்குள்ளே அவர்களுக்கென்று ஒரு பிரிவு முறையாக இருந்திருந்தால், மாற்று வலை, ஈட்டுத்தொகை, கால அவகாசம் என்பவை சட்டத்துக்கு முன்பே பேசப்பட்டிருக்கும். இல்லாததால் தடை ஏட்டிலும் படகு கடலிலுமாகப் பல காலம் இழுபட்டது.

இதற்கிடையில், 2010க்குப் பிறகு கடற்றொழில் அமைச்சு தன் பங்குக்குக் கிராமிய கடற்றொழில் அமைப்புகளையும் அவற்றின் மேலே தேசியச் சம்மேளனத்தையும் உருவாக்கியது. கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே வேரூன்றிய கரைகளில் அது இரண்டாவது பலகை மாட்டியது போலாயிற்று. மேலிருந்து போடப்பட்ட பிரிவும், உறுப்பினர் தேவையிலிருந்து முளைத்த பிரிவும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உலகத்தில் இதைச் சமாளித்தவர்கள் உண்டு. சமாளிக்க முடியாமல் பிரிந்தவர்களும் உண்டு. சீநோரால் நமக்கு உறவான நோர்வேயில் மீனவர் சங்கம் 1926இல் தொடங்கியது. பெரிய கப்பல் உரிமையாளர்களும் கரையோரச் சிறுபடகுக்காரரும் அதற்குள் இருந்தார்கள். கோட்டா பங்கிடும் காலம் வந்தபோது தங்கள் குரல் அமுங்கிப்போகிறது என்று கண்ட கரையோரத்தவர் பலர் பிரிந்து போய்த் தனிச் சங்கம் அமைத்தார்கள். ஜப்பானின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மீன்பிடிக் கூட்டுறவுகளோ, ஒரே சங்கத்துக்குள் தொழில்முறைவாரியாகப் பிரிவுகளையும் பெண்கள் பிரிவு, இளைஞர் பிரிவு என்பவற்றையும் வளர்த்தன. வலை வைக்கும் இடத்துக்கான பூசலைப் பிரிவு தீர்க்கும். சந்தைக்கும் அரசுக்கும் சங்கம் முகம் கொடுக்கும். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இன்னொரு வழியை எடுத்தது: கடலுக்குப் போகிற சிறுதொழிலாளர் மட்டுமே உறுப்பினர், வியாபாரிக்கும் முதலாளிக்கும் இடமில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டதால், விலைப் பேச்சில் அதன் குரல் பிசிறவில்லை.

தீவகத்துக்கு இவற்றில் எது பொருந்தும்? பிரிந்து போவது பொருந்தாது. போரும் புலம்பெயர்வும் மெலியவைத்த கரை இது. ஊர்ச் சங்கத்தை உடைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஜப்பானியர் செய்தது போல, இருக்கிற சமாசத்துக்குள்ளே வலைவாரியாகப் பிரிவு வைப்பதே ஏற்ற வழி. அதற்குச் சட்டம் தடையாகவும் இல்லை. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம், ஒரு கடற்பரப்பை முகாமைப் பகுதியாக அறிவித்து, அங்கு தொழில் செய்வோரைக் கொண்ட குழு அமைக்க இடம் தருகிறது.

இதை இப்போது சொல்ல அவசரமான காரணம் ஒன்று கடலில் நிற்கிறது. தீவகத்தின் ஆழமற்ற கடலில் கடலட்டைப் பண்ணைகளின் வலைவேலிகள் பெருகிவிட்டன. வடக்கிலும் கிழக்கிலும் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு 2022இல் அமைச்சரவை இசைந்தது. பண்ணைக்கு இடம் கேட்பவரும், கடற்புல் அடர்ந்த அதே தாழைக்கடலில் நண்டுக்கும் இறாலுக்கும் ஒட்டி, ஓரா மீன்களுக்கும் வலை விடுபவரும் ஒரே ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர்கள். பண்ணைக்குச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டுமென்றால், அந்தக் கடிதம் யாருடைய சம்மதம்? தலைவரும் செயலாளரும் வைத்த கையெழுத்தில் களங்கட்டிக்காரரின் சம்மதமும் இருக்கிறதா? பல கரைகளில் பண்ணைகளுக்கு எதிராகப் போராட்டம் வெடித்ததற்கு அடியில் இருந்தது இந்தக் கேள்விதான். கடலட்டை நல்லதா கெட்டதா என்ற வாதம் அதற்குப் பிறகே வந்தது.

இன்னொரு தரப்புக்கு இதுவரை பெயர்கூட வைக்கப்படவில்லை. வலை தெரிந்து நண்டு கழற்றுபவர்கள், கருவாடு போடுபவர்கள், நண்டுத் தொழிற்சாலைகளில் சதை பிரிப்பவர்கள், களப்பில் இறங்கிக் கையால் இறால் தடவுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் பலர். படகு இருந்தால்தான் கடற்றொழிலாளர் என்று நினைக்கிற சங்கத்தில் அவர்களின் கூலியும் தொழில் நேரமும் பேசப்படும் பொருளாவதே இல்லை.

ஆகவே தீவகத்துச் சமாசங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற பொதுக்கூட்டத்தில் நிர்வாகசபையைத் தெரிவு செய்வதற்கு முன், உறுப்பினர் பட்டியலை ஊர்வாரியாக மட்டுமல்லாமல் வலைவாரியாகவும் எழுதுங்கள். களங்கட்டிக்காரர், நண்டுவலைக்காரர், சுழியோடிகள், அட்டைப் பண்ணையார், ஆழக்கடல் படகுகள், கரையில் வேலை செய்யும் பெண்கள் என்று ஒவ்வொரு பிரிவாரும் தனியே கூடித் தங்கள் ஆளைத் தாங்களே தெரிந்து நிர்வாகசபைக்கு அனுப்பட்டும். பண்ணைக்கான சம்மதக் கடிதம் எதுவும், அந்த இடத்தில் தொழில் செய்யும் பிரிவார் கூடி முடிவு செய்து குறிப்பேட்டில் பதிந்த பிறகே சங்க முத்திரையோடு வெளியே போகட்டும்.